செதிலில்லாத மீன்

அந்தப் பொட்டலத்தக் குடுத்துருங்கக்கா, பிரிக்காதீங்க. என்ற மடியிலயே இருக்கட்டும். காட்டறதுக்குத்தான் கொண்டாந்தேன், இல்லீங்கல. ஆனா பிரிச்சுப் பாத்து நீங்க ஒரு பேரச் சொல்லிப்போட்டீங்கன்னா அப்பறம் அத மாத்த முடியாதுங்களே. அதுக்கு முந்தி சித்த மூச்சு வாங்கிக்கறேன். ஊட்டுலருந்து இந்தப் புள்ளைய இடுப்புல தூக்கிட்டே ஓடியாந்துபோட்டேன். நெஞ்சு படபடங்குது, கைய வெச்சுப் பாருங்க.

என்னத் தெரியுதுங்கல்ல? ராமாத்தாளுங்க. குட்ஸு செட்டுல கருவாட்டு மூட்டை எடுத்துச் சந்தைக்குச் சந்தை கொண்டுபோயி விக்கறாரே, அவரு ஊட்டுக்காரி. அவருக்குச் சோறு கொண்டாரப்பல்லாம் உங்க கூடை பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, இதென்ன மீனுங்க, அதென்ன மீனுங்கன்னு உங்க உசுர வாங்குவனே, அவதானுங்க. இன்னைக்கு நீங்க திரும்பிப் போற வண்டி இன்னும் வருலங்கறது என்ற நல்ல நேரம். உங்கள உட்டா இந்தப் போத்தனூர்ல கடல் மீனப் பத்திக் கேக்கறதுக்கு எனக்கு வேற ஆளில்லீங்க.

நீங்க அந்த ரயில்வே கேட்டு தெரியற மாதிரிதானுங்க உக்காந்திருக்கீங்க? எங்கூட்டுப் பக்கமிருந்து யாராச்சும் வாராங்களான்னு ஒரு கண்ணு வெச்சுக்குங்க. நான் பாத்தா கழுத்து அங்கியே திரும்பிக்கிட்டு நிக்குது, பாக்கறவிய என்னமோ ஏதோன்னு நெனப்பாங்க.

விசயம் இதுதானுங்க. காத்தால வண்டில உங்காளுங்க ஐஸுப் பொட்டிய எறக்கி, கோயமுத்தூருக்கும் ஊட்டிக்கும் பிரிச்சு மாத்துனாங்கல்ல. அப்ப வேண்டாத மீனத் தண்டவாளத்துக்கு அந்தால வீசுவாங்களே, அதுல ஒண்ண எங்கூட்டுக்காரரு எடுத்துட்டு வந்துட்டாரு. நல்லாத் தடியா, கொழுகொழுன்னு, செதிலே இல்லாத மீனு. அதக் கொழம்பு வெச்சாச்சுங்க. அது நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, தின்னா ஆளே போயிரும்ன்னு, அந்தப் பேத்தையா, இல்ல தோல உரிச்சுப்போட்டுத் தின்னா ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே, அந்தக் கிளாத்தியா? அதுதான் எனக்குத் தெரியோணும். அவ்வளவுதானுங்க.

இருங்க, இருங்க, சத்தம் போடாதீங்க. புள்ள தூங்குது. இவ தின்னாளான்னு கேக்கறீங்களா? இல்லீங்க, சத்தியமா இல்ல. அதுல ஒரு சொட்டுக்கூட இவ நாக்குல படல. காத்தால வெச்சிருந்த பழைய சோத்துல மோரு ஊத்திக் குடுத்து, வாயத் தொடச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். நானும் தின்னல. எங்கூட்டுல ஆம்பள எந்திரிச்ச பொறவுதானுங்க பொம்பளைக்கு எல.

இவ சாந்தாமணிங்க. நான் பெத்தவ இல்ல, மூத்தாளு புள்ள. மூத்தாளு போயிச் சேந்துட்டா. நான் ரெண்டாந்தாரமா வந்தப்ப இவளுக்கு நடக்கவே தெரியாது. இப்பப் பாருங்க, காலு எங்க வரைக்கும் நீட்டிருக்குதுன்னு.

எனக்கு முழுசாத் தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வாரேன்? நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணையும் மறக்குலீங்க. மத்தின்னா வவுத்துப் பக்கம் வெரல வெச்சு வாலுலருந்து தலைக்குத் தடவுனா ரம்பம் மாதிரி குத்தும். அயிலைக்கு முதுகுல நீலமும் பச்சையுமா வரி ஓடும், ஐஸுல ரொம்ப நாளு கெடந்தா அந்த வரி மங்கிரும். வாவலு தட்டம் மாதிரி, வாயி இத்துணூண்டு. வாளைக்கு வாலுல செறகே இல்ல, சாட்டை நுனியாட்டப் போயி முடியும். நெய்மீனுக்குப் பக்கவாட்டுல புள்ளி. சரிதானுங்களே? ராத்திரி படுத்துக்கிட்டு இதையெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேனுங்க. எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. சொன்னா சித்த நேரம் பயமில்லாம இருக்கும், அதுக்குத்தான்.

கடல நான் பாத்ததே இல்லீங்கக்கா. பொறந்தது காங்கேயத்துப் பக்கம். எங்கூர்ல தண்ணின்னா கெணத்துத் தண்ணி, மீனுன்னா கருவாடு. மழை பேஞ்சு குட்டை ரொம்புனா கெண்டை, கெளுத்தி கெடைக்கும், அதுவும் எல்லா வருசமும் இல்ல. சந்தைல சாக்கு மேல காஞ்சு வெறச்சுக் கெடக்குமே, அதுதான் எங்களுக்குக் கடலு மீனு. அதுக்குத் தலையும் கண்ணும் இருக்கும்ங்கறதே இங்க வாக்கப்பட்டு வந்துதான் கண்டேன். நெத்திலிக்குத் தலை இருக்கும், சரி. நான் சொல்றது பெரிய மீன.

எங்கூட்டுக்காரரும் அப்படித்தானுங்க. பொய் சொல்லப்படாது, கருவாட்டுல அவரு கெட்டிக்காரரு. கண்ண மூடிக்கிட்டு மோந்து பாத்தே இது வாளை, இது சுறா, இது காரலுன்னு சொல்லிருவாரு. பொள்ளாச்சிச் சந்தைல, ஆனைமலைல எல்லாம் அவரு கடைன்னா கூட்டம் நிக்கும். மீனுல எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லைம்பாரு. ஆனா பச்சை மீனு வேறைங்களே. உப்புல ஊறி, வெயில்ல காஞ்சு, தலையும் போயி வாரதப் பாத்துப் பழகுன கண்ணு. உசுரோட இருந்தப்ப அது எப்படி இருந்துச்சுன்னு கேட்டா இந்த ஊர்ல யாருக்குங்க தெரியும்? அவருகிட்ட ஒரே கணக்குத்தான். செதிலில்லாம, தோலு சொரசொரன்னு இருந்தா அது சுறா. இன்னைக்கும் அதத்தான் சொன்னாரு. சுறாக் குட்டிடி, அந்த மலையாளத்தானுக கிறுக்கனுக, தங்கமாட்ட மீன வீசியெறியறானுக, அப்படீன்னாரு.

நான் பாத்த ஒடனே இது சுறா இல்லைன்னு எனக்குப் பட்டுச்சுங்க. சுறாவுக்கு வாயி அடியில இருக்கும்ன்னு நீங்க சொல்லியிருக்கீங்கல்ல. இதுக்கு மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. சின்ன வாயி, உதடு வெச்ச மாதிரி. வவுறு பையாட்டத் தொங்கிக்கிட்டு. ஆனா ஐஸுல கெடந்து வந்ததுக்குத் தொங்காதுங்களா, அதையும் ரோசனை பண்ணுனேன். கிளாத்திக்கும் சின்ன வாயிதான்னு நீங்கதான் சொன்னீங்க. கிளாத்தித் தோலும் சொரசொரன்னுதான் இருக்கும்ன்னீங்க.

முதுகுல முள்ளா? அதத்தானுங்க நானும் பாக்க நெனச்சேன். கிளாத்திக்கு முதுகுல ஒத்தை முள்ளு, மடக்குனா மடங்காம நட்டுக்கிட்டு நிக்கும்ன்னீங்க. அது இருந்திருந்தா ஒரே நொடில தெரிஞ்சிருக்கும். எங்க உட்டாரு? கருவாட்டுக்காரரு கையிங்க அது. மீனு கைக்கு வந்ததும் மொதல்ல செறகையும் முள்ளையும் அரிஞ்சு வீசுவாரு, தலையத் தனியா எடுப்பாரு, முதுகக் கீறித் தோல உரிப்பாரு. மூட்டைலருந்து எடுத்துச் சந்தைல வெட்டிப் போட்டுப் பழகுனதுதான். நான் அரைக்கறதுக்கு அம்மிகிட்டப் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள வெள்ளை வெளேர்ன்னு சதை மட்டும் போசில கெடக்குது. ஈரலத் தனியா வறுக்கச் சொன்னாரு, ஒடம்புக்கு நல்லதாமா. செறகும் தோலும் அடுப்புல போயிருச்சு. தலை மட்டும் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில கெடந்துச்சு. அதத்தான் வாழையெலைல சுத்தி எடுத்துட்டு ஓடியாந்தேன்.

ஆமாங்க, பல்லப் பாத்தாத் தெரியும். தெரியுமுங்க எனக்கு. பேத்தைக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு, கிளி மூக்காட்ட இருக்கும், கிளாத்திக்கு அப்படியில்ல, வரிசையா இருக்கும்ன்னீங்க. நான் பாக்குலீங்க. வாயி மூடியிருந்துச்சு. வெரல உட்டு உதட்ட வெலக்கிப் பாக்க எனக்குத் தெகிரியம் வருல. பாத்தாலும் நான் கண்டது சரியா தப்பான்னு யாருங்க சொல்றது? நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்.

அவருகிட்ட ஏன் சொல்லலயா?

அக்கா, இந்தக் கைய இந்தப் பக்கம் திருப்பிக் காட்டறேன், பாருங்க. சேலைய இழுத்து மூடிக்கறதால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆறிப்போச்சு, இப்ப வலியில்ல. போன மாசம் ஒரு கருவாட்டு மூட்டைல புழு வெச்சிருந்துச்சு. ஏனுங்க, இத விக்கவேண்டாமுங்க, சனங்களுக்குச் சீக்கு வந்துரும்ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுப்புலருந்து கொள்ளிய எடுத்துட்டாரு. எனக்கு முன்னால நீ வாயத் தொறக்கப்படாது, மீனப் பத்தித் தொறக்கவே படாது, இன்னொருக்கா தொறந்தீன்னா வாய்க்குள்ள சொருகிருவேன்னாரு. அன்னைலருந்து எங்கூட்டுல எனக்கு ஆமாங்க, சரீங்க, இந்தாங்க, இந்த மூணு வார்த்தைதான். அதனாலதான் உங்களக் கண்டா இப்படிக் கொட்டறேன் போல.

அண்ணங்கிட்டப் போனேனுங்க. காங்கேயத்துக்கு நடந்தும் பஸ்ஸுலயும் போயி, கைய அவனுகிட்டக் காட்டுனேன். மறுநாளே அவனே கொண்டாந்து உட்டுட்டான். மாப்பளைகிட்ட மன்னிப்புக் கேளுன்னான். கேட்டேன். என்ன பண்றது, அவனுக்கும் நாலு பொண்ணுக.

இதுவரைக்கும் பரவால்லீங்க. அடிக்கற புருசன் எங்க இல்ல, கண்ண மூடிக்கிட்டு ஓட்டிரலாம்ன்னுதான் இருந்தேன். ஆனா இந்தப் புள்ள ஒரு நாளு என்ற தலையப் பேன் பாத்துக்கிட்டே ஒண்ணு சொல்லிப்போட்டா. இவங்கம்மா தண்ணி சேந்தறப்ப வழுக்கிக் கெணத்துல உழுந்துட்டான்னுதானுங்க எனக்குச் சொன்னாங்க. ஊரு முச்சூடும் அதத்தான் சொல்லுது. இவ சொல்றா, அம்மா வழுக்குல, அப்பாதான் பின்னாலருந்து வந்தாருன்னு. அப்ப இவளுக்கு என்ன வயசு, இவளுக்கு எப்படி நெனப்பிருக்கும்ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சு அவ வாயப் பொத்துனேன். யாருகிட்டயும் சொல்லாதே கண்ணுன்னேன்.

நேத்துப் பொழுதோட அவரு என்னக் கெணத்து மேட்டுக்குக் கூப்புட்டாருங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் கூப்புட்டாரு. தண்ணி எவ்வளவு கெடக்குது, எட்டிப் பாருன்னாரு. அவருக்குச் சிரிக்கத் தெரியும்ங்கறதே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. நான் எட்டிப் பாக்குல. சட்டி அடிப்புடிக்குதுன்னு சொல்லிப்போட்டு உள்ற ஓடிட்டேன். ராத்திரி முச்சூடும் கதவோரம் உக்காந்திருந்தேன். ஏனுன்னா பொள்ளாச்சிக்காரரு ஒருத்தரு இவருக்குப் பொண்ணு தாரேன்னு சொல்லியிருக்காராமா. தோட்டத்தோட. சந்தைல எல்லாரும் பேசிக்கறாங்க, எனக்கு மட்டும் தெரியாதாட்ட நடந்துக்கறாங்க.

பயமா இருக்குதுங்கக்கா. பயம்ன்னா சும்மா வார்த்தைக்குச் சொல்றதில்ல. இந்த வெயில்லயும் எனக்குக் குளுருது.

அழுவுலீங்க. கண்ணுல தூசி. எஞ்சின் கரிங்க. சரி. வண்டி கைகாட்டி எறங்கிருச்சுங்களா? அப்பச் சரி, இனி தள்ளிப்போட முடியாது. இந்தாங்க, நீங்களே பிரிச்சுருங்க. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன். உதட்ட வெலக்கி, பல்ல நல்லா எண்ணிப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல.

மேல ரெண்டா?

கீழயும் ரெண்டா. நல்லாப் பாத்தீங்களா? ஒரு வேளை கிளாத்திப் பல்லு ஒடைஞ்சு போயி அப்படித் தெரியுதோ என்னமோ. இல்லீங்களா. சத்தியமாப் பேத்தைதானா. உங்க புள்ளைக மேல ஆணையா.

சரிங்க.

ஏனுங்கக்கா, ஒரு சந்தேகம். உங்க ஊருக்கு, தானூருக்கு டிக்கெட்டு எடுத்துப்போட்டேன். எனக்கு முழு டிக்கெட்டு, இவளுக்கு அரை டிக்கெட்டு. இன்னும் வண்டி ஏறுல, கையில அப்படியே இருக்குது. திருப்பிக் குடுத்தா டிக்கெட்டுக் குடுக்கறவிய வாங்கிக்கிட்டுக் காசத் தருவாங்களா?

எதுக்குக் கத்தறீங்க? ஓடறதா? ஊட்டுக்கா? ஓடிப்போயி என்னங்க பண்றது. நான் கெளம்பறப்பவே அவரு எலைல உக்காந்துட்டாருங்க. மொத உருண்டைய வாயில போட்டதப் பாத்துப்போட்டுத்தான் வந்தேன். ருசியாத்தான் இருக்குதுன்னாரு. இத்தனை வருசத்துல அவரு என்ற சமையல அப்படிச் சொன்னது இதுதான் மொதத் தடவை. வெத்தலை தீந்துபோச்சுங்க, வாங்கியாரேன்னு சொல்லிப்போட்டுப் புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்.

நான் ஒண்ணும் கலக்குலீங்க. அவரே எடுத்துட்டு வந்தாரு, அவரே வெட்டுனாரு, அவரே பேரு வெச்சாரு. மூணு எடத்துல எனக்கு வாயி வரைக்கும் வந்துச்சு. போசிய வாங்கறப்ப வந்துச்சு, ஈரல வறுக்கறப்ப வந்துச்சு, எல போடறப்ப வந்துச்சு. தொறக்குல. அவரு சொன்னபடியே நடந்துக்கிட்டேன்.

நீங்க என்னமோ அவருக்காகத்தான் நான் இப்படி நடுங்கறேன்னு நெனச்சுப்போட்டீங்க. அது கிளாத்தியா இருந்துருமோன்னுதானுங்க நான் நடுங்குனது. கிளாத்தின்னா வவுறு ரொம்பத் தின்னுபோட்டு எந்திரிச்சு, வெத்தலை எங்கடீம்பாரு. ஆளக் காணோம்ன்னா தேடிக்கிட்டு இந்தத் தடத்துலதான் வருவாரு. அதுக்குத்தான் கேட்டப் பாக்கச் சொன்னேன். அப்படி ஆயிருந்தா உங்க காலுல உழுந்தாவது உங்ககூட வண்டியேறி, கூடை சொமந்து பொழச்சுக்கலாம்ன்னு இருந்தேன்.

இப்ப எதுக்குங்க ஊர உட்டுப் போகோணும். அது புள்ளையோட ஊடு, புள்ளையோட கெணறு.

சந்தோசமான்னு கேக்காதீங்க. சந்தோசம்ன்னு இல்ல. நடுக்கம் நிக்கும்ன்னு நெனச்சேன், நிக்குல. போயிக் கதவத் தொறக்கோணுமே, உள்ற என்ன கோலமா இருக்குமோன்னு இப்ப அது ஒண்ணு பயமா இருக்குது. அக்கம்பக்கத்துல கத்திக் கூப்புடோணும். வைத்தியரக் கூட்டியாரச் சொல்லோணும். அழுகோணும். அழுகை வரும்ங்க, அது ஒண்ணும் சிரமமில்ல.

சாந்தாமணி, எந்திரி கண்ணு. ஊட்டுக்குப் போலாம்.

உங்க வண்டி வந்துருச்சு பாருங்க. ஏறுங்கக்கா, கூடைய நான் எடுத்துக் குடுக்கறேன். கைய உடுங்க. கைய உடுங்கக்கா, புள்ள பாக்குது.